ண்டு என்று முடியும் சொற்கள்

திண்டுக்கல்,
கார்த்திகை 12.

அன்புள்ள பாப்பாவுக்கு,

தாத்தா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். மழை பெய்தால் உன் அப்பத்தாவுக்கு முட்டி வலி கூடுகிறது, வெயில் அடித்தால் குறைகிறது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. நாலு நாளாக விடாமல் பெய்த மழையில் மலைக்கோட்டைப் பாறை கழுவி வைத்ததுபோல் கறுத்துக் கிடக்கிறது. மாடியில் நின்று பார்த்தால் யாரோ பெரிய ஆள் சாய்ந்து எழுந்துபோன திண்டு மாதிரிதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போதெல்லாம் போனில் பேச்சு தெளிவாகக் காதில் விழுவதில்லை. அது ஒரு காரணம். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதிலாக அது இல்லை என்பது இன்னொரு காரணம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வகுப்பில் கொடுத்த பட்டியலை நீ வாசித்துக் காட்டினாய். எல்லாம் 'ரைட்' என்று முடிகிற பழைய ஆங்கிலச் சொற்கள். 'சரி' என்னும் ரைட் வேறு, 'எழுது' என்னும் ரைட் வேறு. இது டபிள்யூவில் தொடங்குகிற ஆறெழுத்து ரைட், கைத்தொழில் செய்கிறவன் என்று பொருள். வீல்ரைட் சக்கரம் செய்கிறவர். வெய்ன்ரைட் பாரவண்டி செய்கிறவர். மில்ரைட் ஆலைப் பொறிகளை அமைக்கிறவர். ஆர்க்ரைட் மரப்பெட்டி செய்கிறவர். நாடகாசிரியரைச் சொல்லும் ப்ளேரைட்தான் இன்றும் நன்றாகப் புழங்குகிறது, மற்றவற்றில் பல வெறும் குடும்பப் பெயர்களாகிவிட்டன என்று சொன்னாய். பிறகு, "தமிழில் இப்படி ஒரே வால் உள்ள பழைய சொற்கள் இருக்கா தாத்தா?" என்று கேட்டாய். "உண்டு" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நீ கேட்ட வால் நான் சொன்ன சொல்லிலேயே இருந்தது.

உனக்குத் தெரியும், முப்பத்தைந்து வருஷம் அச்சுக்கோத்தவன் நான். ஒரு வேலை முடிந்ததும் ஈய எழுத்துகளைப் பிரித்து அதனதன் அறையில் போட வேண்டும். கோப்பதைவிடப் பிரித்துப் போடும்போதுதான் எழுத்துகளின் உறவு விரலுக்குத் தெரியும். ண் என்ற எழுத்தை எடுத்தால் அடுத்து பெரும்பாலும் ட வரும், டா வரும், டி வரும், டு வரும். ண், டு இரண்டையும் ஜோடியாகவே எடுத்து ஜோடியாகவே போட்டுப் பழகிவிட்டேன். கல்யாணப் பத்திரிகையோ கோயில் நோட்டீஸோ, எல்லா வேலையிலும் ஊர்ப்பெயர் வருமே. ஊர்ப்பெயரிலேயே அந்த ஜோடி இருக்கிறது. திண்டு, கல். சாய்வுக்கு வைக்கிற திண்டு போன்ற கல் உள்ள ஊர்.

உன் கேள்விக்குப் பிறகு இரண்டு நாள் அந்த ஒரு வாலையே பிடித்துக்கொண்டு யோசித்தேன். எல்லோருக்கும் தெரிந்த வண்டு, நண்டு, குண்டு, துண்டு போகட்டும். பார்த்தால் தெரிந்ததுபோல் இருந்து, உள்ளே மறந்துபோன பொருளை வைத்திருக்கிற சொற்கள்தான் எனக்குப் பெரிதாகப் பட்டன.

முதலில் தொண்டு. சேவை என்று நீ சொல்வாய். அந்தச் சொல்லுக்கு ஒரு காலத்தில் ஒன்பது என்றும் பொருள். தொல்காப்பியத்தின் செய்யுளியலில் அந்தப் பொருளில் வருகிறது, பரிபாடலிலும் வருகிறது. ஒன்பது என்ற சொல்லும் தொல்காப்பியத்தில் உண்டு. இரண்டும் ஒரே காலத்தில் வாழ்ந்திருக்கின்றன, பிறகு ஒன்று மறைந்துபோயிருக்கிறது. மறைந்தது என்றும் முழுதாகச் சொல்ல முடியாது. எண்களை வாய்விட்டுச் சொல்லிப் பார். எழுபது, எழுநூறு. எண்பது, எண்ணூறு. ஏழும் எட்டும் பத்தாகும்போதும் நூறாகும்போதும் தங்கள் முகத்தைக் காட்டுகின்றன. ஒன்பதுக்கு வந்தால் தொண்ணூறு, தொள்ளாயிரம் என்கிறோம். இந்தத் 'தொ' எங்கிருந்து வந்தது? ஒன்பது என்ற சொல்லில் அது இல்லையே. தொண்டு என்ற பழைய ஒன்பதின் மிச்சம் அது. தொண்டு ஒன்பதாகவும், தொண்பது தொண்ணூறாகவும், தொண்ணூறு தொள்ளாயிரமாகவும் முன்பு இருந்து, பிறகு ஒவ்வொன்றும் ஒரு படி இறங்கிவிட்டன என்று தேவநேயப் பாவாணர் வாதிட்டார். அவர் கணக்கை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்களோ இல்லையோ, தொண்ணூறு ரூபாய் என்று சொல்லும்போதெல்லாம் வழக்கொழிந்த ஒரு சொல்லின் தலை நம் வாயில் வந்துபோகிறது. நான் இதை அறிந்தபோது எனக்கு நாற்பது வயது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அடுத்தது தண்டு. கீரைத்தண்டு, வாழைத்தண்டு, வீணையின் தண்டு. படை என்றும் அதற்குப் பொருள். படை கிளம்புவது தண்டெடுப்பது, படை தங்குவது தண்டு இறங்குவது. உன் கோயம்புத்தூரிலேயே அவிநாசி சாலையில் தண்டு மாரியம்மன் கோயில் இருக்கிறதே, போயிருக்கிறாயா? அங்கே தண்டு என்றால் பாளையம், படைவீடு. பாளையம் இறங்கிய இடத்து அம்மன். அந்த வழியாகப் பஸ்ஸில் போகிற எத்தனை பேருக்கு அது தெரியும்?

செண்டு பற்றி எழுதுவதற்கு எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. பூச்செண்டு என்பது மட்டும்தான் இன்று மிச்சம். ஐயனார் கையில் பிடித்திருக்கிற, முனை வளைந்த கோலுக்கும் செண்டு என்றுதான் பெயர். பந்தும் செண்டு. குதிரை ஓட்டிப் பழகும் மைதானம் செண்டுவெளி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கிராமத்துக் கோயில் மலருக்குக் கையெழுத்துப் பிரதி வந்தது. பெரியவர் ஒருவர் எழுதியது. ஐயனார் கையில் செண்டு என்று இருந்தது. எனக்கு அந்தச் சொல் தெரியாது. எழுத்து சரியாகப் புரியவில்லை என்று நினைத்து நானே துண்டு என்று கோத்துவிட்டேன். புரூஃப் பார்த்தவரும் விட்டுவிட்டார். ஐந்நூறு படி அச்சாகி ஊருக்குப் போய்விட்டது. அந்தப் பெரியவர் சண்டைக்கு வரவில்லை. ஒரு நாள் அச்சகத்துக்கு வந்து, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, செண்டு என்றால் என்ன என்று அரை மணி நேரம் சொல்லிவிட்டுப் போனார். தெரியாத சொல்லைக் கண்டால் அகராதியைப் புரட்டுகிற பழக்கம் எனக்கு அன்றுதான் வந்தது. தொண்டு எனக்குக் கிடைத்ததும் அந்தப் பழக்கத்தால்தான்.

விண்டு என்றால் விஷ்ணு. மலைக்கும் அந்தப் பெயர் உண்டு. இண்டு என்பது வேலியில் படர்கிற முட்கொடி. "இண்டு இடுக்கு விடாமல் பெருக்கு" என்று அப்பத்தா சொல்கிற இண்டு, இடுக்கைச் சொல்வது. தனியாக யாரும் இன்று அதைச் சொல்வதில்லை, இடுக்கின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது. சுண்டு நம் பக்கம் சுண்டுவிரலோடு நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்தில் அது அரிசி அளக்கிற அளவு.

நெடிலில் தொடங்குகிற கூட்டம் தனி. ஈண்டு என்றால் இங்கே. ஆண்டு என்றால் அங்கே. யாண்டு என்றால் எங்கே. மூன்றும் இடத்தைக் காட்டியவை. யாண்டுக்கு வருஷம் என்றும் பொருள் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்பதை யாண்டு என்றே குறிப்பார்கள். நாளடைவில் அதன் யகரம் உதிர்ந்து, ஆண்டு என்றாலே வருஷம் என்றாயிற்று. அங்கே என்ற பழைய ஆண்டு செய்யுளுக்குள் ஒதுங்கிக்கொண்டது.

இந்த இரண்டு கூட்டத்தையும் நான் பிரித்து எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. முதலெழுத்து மட்டும் மாறி மற்ற எழுத்தெல்லாம் ஒன்றாக வருவதைத் தலையாகெதுகை என்பார்கள். திண்டு, வண்டு, செண்டு, தொண்டு நான்கும் அப்படி அமைந்தவை. ஆனால் முதலெழுத்து மாறலாமே தவிர அளவு மாறக்கூடாது. குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். திண்டும் வண்டும் சேரும், ஈண்டும் பூண்டும் சேரும். திண்டுக்கு ஈண்டு சேராது. உங்கள் ஆங்கிலப் பட்டியலில் வால் ஒன்றானால் போதும். நம்மவர்கள் தலையின் நீளத்தையும் அளந்து பார்த்தார்கள். பாட்டை வாயால் சொல்லிக் காதால் கேட்டுக் காப்பாற்றியவர்கள் அல்லவா?

இதில் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது இனிமேல்தான் வருகிறது. நீ பார்த்தது போன்ற பட்டியலை விளையாட்டுக்காக யாரோ தொகுத்திருப்பார்கள். தமிழில் அது படிப்பின் முறையாகவே இருந்தது. அகராதிகளுக்கு முன்னால் நம்மிடம் இருந்தவை நிகண்டுகள். அந்தப் பெயரும் ண்டு என்றுதான் முடிகிறது, பார்த்தாயா? (இரண்டாம் எழுத்து க என்பதால் திண்டின் எதுகைக் கூட்டத்தில் அது சேராது. வால் மட்டும்தான் ஒன்று.) திவாகரம், பிங்கலம், சூடாமணி எல்லாம் செய்யுளில் செய்தவை, மனப்பாடத்துக்கு. 16-ஆம் நூற்றாண்டில் மண்டலபுருடர் என்ற சமணப் புலவர் செய்த சூடாமணி நிகண்டில், பல பொருள் தரும் ஒரு சொல்லைச் சொல்கிற பதினோராம் தொகுதி முழுக்க எதுகை வரிசையில் இருக்கிறது. ககர எதுகை, ஙகர எதுகை என்று போகும். வண்டு என்ற சொல் வேண்டுமானால் வகரத்தில் தேடக்கூடாது, ணகர எதுகையில் தேட வேண்டும். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் இதை உருப்போட்டார்கள். என் தாத்தாவின் அப்பாவுக்கு அந்தத் தொகுதி முழுக்க மனப்பாடம் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

தலையெழுத்தை வைத்து அகரம் முதலாக அடுக்குகிற முறை அதற்குப் பக்கத்திலேயே முளைத்தது. 1594-ல் சிதம்பர ரேவண சித்தர் அகராதி நிகண்டு செய்தார். அந்தப் பெயரிலிருந்துதான் நாம் இன்று சொல்லும் அகராதி.

பிறகு வந்தவர் வீரமாமுனிவர். இத்தாலிக்காரர், 1680-ல் பிறந்தவர், இயேசு சபைத் துறவி. குடும்பப் பெயர் பெஸ்கி. நம் ஊரில் துறவிகளைப் பயிற்றுவிக்கிற பெஸ்கி கல்லூரி அவர் பெயரில்தான் இருக்கிறது. சின்ன வயதில் அந்தப் பக்கம் உன்னைச் சைக்கிளில் கூட்டிப்போயிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. 1732-ல் அவர் சதுரகராதியை முடித்தார். சதுர் என்றால் நான்கு. பெயரகராதி, பொருளகராதி, தொகையகராதி, தொடையகராதி. முதலாவதில் சொல்லுக்குப் பொருள். இரண்டாவதில் ஒரு பொருளுக்குரிய பல பெயர்கள். மூன்றாவதில் ஐம்பூதம், அறுசுவை மாதிரி எண்ணோடு சேர்ந்த தொகுப்புகள். நான்காவது தொடையகராதி, எதுகைப்படி சொற்களை அடுக்கியது. பாப்பா, நீ கேட்ட பட்டியல் அதுதான். கிட்டத்தட்ட முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் தமிழ் முழுவதற்கும் அதைச் செய்துவைத்துவிட்டார்.

அவருக்கு அது ஏன் தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பார். அவர் பாடிய தேம்பாவணியில் 3615 பாட்டு. பாட்டுக்கு நான்கு அடி என்று வைத்தால் 14,460 அடி. ஒவ்வொரு பாட்டிலும் நான்கு அடியும் எதுகையால் கட்டுப்பட வேண்டும். முப்பது வயதுக்கு மேல் தமிழைக் கற்றவர் அவர். தாய்மொழிக்காரனுக்குக் காதில் தானாக வந்து விழுகிற சொல்லை அவர் தேடித் தேடிச் சேர்த்திருக்க வேண்டும். தான் பட்ட கஷ்டத்தைப் பின்னால் வருகிறவர் படக்கூடாது என்று எழுதிவைத்தார் என்றே நான் நம்புகிறேன். எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் நாம் இன்று எழுதுகிறபடி வேறுபடுத்தியவரும் அவர்தான். அதற்கு முன்னால் குறிலுக்குப் புள்ளி வைப்பார்கள். ஓலையில் அது பல நேரம் விழாது. மொண்டு, மோண்டு இரண்டுக்கும் வேற்றுமை தெரியாமல் வாசிக்கிறவன் திண்டாடியிருப்பான். என் கேஸில் எ, ஏ இரண்டும் தனித்தனி அறையில் இருந்ததற்கு நான் அவருக்குக் கடன்பட்டவன்.

அவருடைய முதல் மூன்று முறைகளும் பின்னால் வந்த அகராதிகளில் ஏதோ ஒரு வடிவில் தொடர்ந்தன. நான்காவது நின்றுவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி 1924-லிருந்து 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். நான் இங்கே எழுதியவை பெரும்பாலும் அதில் இருக்கும். ஆனால் இண்டு முதல் தொகுதியில் கிடக்கும், விண்டு கடைசித் தொகுதியில் கிடக்கும். ஒன்றையொன்று பார்க்காது. அகரவரிசை தேடுவதற்கு வசதி, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சொல்லே தெரியாதவன் எதைத் தேடுவான்? எனக்குச் செண்டு தெரியாமல் போனதுபோல. எதுகை வரிசையில் வண்டைத் தேடிப் போகிற பையன் கண்ணில், கேட்காமலே செண்டும் விண்டும் பட்டுவிடும். அந்த வழியை நாம் விட்டது பெரிய நஷ்டம் என்று நான் நினைக்கிறேன்.

உன் ஆர்க்ரைட்டுக்கு வருகிறேன். பெட்டி செய்கிறவன் என்ற அந்தப் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்ட ரிச்சர்ட் ஆர்க்ரைட் பெட்டி செய்யவில்லை. முடிதிருத்துகிறவராக இருந்து, 1769-ல் நூல் நூற்கும் பொறிக்குக் காப்புரிமை வாங்கினார். வேடசந்தூர் சாலையில் இரவும் பகலும் ஓடுகிறதே நூற்பாலைகள், அந்தப் பொறிகளின் முன்னோர்களில் அதுவும் ஒன்று. அங்கே நூற்கிற நூல் கடைசியில் கண்டாகச் சுற்றி வருகிறது. நூற்கண்டு, கற்கண்டு, இரண்டிலும் ண்டு. ஆங்கிலத்துக் கேண்டியும் அரபு, பாரசீகம் வழியாக இந்தியாவிலிருந்து போனதுதான். நம் மில் வாசலில் பருத்தி விலை பேசும்போது ஒரு கேண்டி இவ்வளவு என்பார்கள். அது மிட்டாய் இல்லை, நம் கண்டி என்ற பழைய நிறை, 356 கிலோ. கிலோ வந்து இத்தனை காலம் ஆகியும் பருத்தி மட்டும் கண்டியை விடவில்லை. வயல்காட்டில் இன்னொரு கண்டு இருக்கிறது. களத்தில் அடித்துத் தூற்றி அளந்தபின் கைக்கு வந்த விளைச்சல் கண்டுமுதல். "ஏக்கருக்கு எவ்வளவு கண்டுமுதல்?" என்று உன் பெரியப்பா கேட்பதை நீயும் கேட்டிருப்பாய்.

பூண்டையும் விட்டுவிடாதே. புல்பூண்டு என்னும்போது சிறு செடி, வெள்ளைப்பூண்டு என்னும்போது சமையலறைச் சாமான். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருஷம்தான் திண்டுக்கல் பூட்டுக்கும் கிடைத்தது.

பூட்டு என்றதும் இன்னொரு வால் கைக்கு வருகிறது. ட்டு. நம் ஊர் பேர் வாங்கியதெல்லாம் இந்த வாலில் இருக்கிறது. பூட்டு, சுருட்டு, சின்னாளபட்டிப் பட்டு. சுருட்டு ஆங்கிலத்துக்கே போய் 'ஷெரூட்' ஆகி உங்கள் அகராதியில் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் இன்று அங்கே பழஞ்சொல்தான். இங்கேயும் சுருட்டு சுற்றுகிற கைகள் குறைந்துவிட்டன. பூட்டும் அப்படித்தான். அலிகாரிலிருந்து இயந்திரப் பூட்டு மலிவாக வந்து இறங்கியபின் நாகல் நகர்ப் பக்கம் கைப்பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. மாங்காய் வடிவத்தில் செய்கிற மாங்காய்ப் பூட்டைக் கேட்டு வாங்குகிற ஆள் அபூர்வம். பட்டறை மூடினால் பூட்டோடு சேர்ந்து அந்த வேலையின் சொற்களும் போகும். ஒவ்வொரு தகட்டுக்கும் ஒவ்வொரு ராவலுக்கும் அவர்களிடம் ஒரு பேர் இருக்கும். வீல்ரைட் எப்படிப் போனான் என்று நீ கேட்டாயே, சக்கரம் செய்கிற பட்டறை மூடியபோது போனான்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். பொங்கலுக்கு வரும்போது நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி வா. முதல் பக்கத்தில் நான் எழுதிய ண்டு சொற்களை, குறிலை ஒரு பக்கமும் நெடிலை ஒரு பக்கமும் எழுது. விட்டுப்போனது நிறைய இருக்கும், உன் விடுதித் தோழிகளிடம் கேள். ஊருக்கு ஊர் மாறும். அடுத்த பக்கம் ட்டு. மாட்டுப் பொங்கல் கழிந்ததும் நாகல் நகருக்கு இரண்டு பேரும் போவோம். எனக்குத் தெரிந்த பூட்டுப் பட்டறை ஒன்று இன்னும் நடக்கிறது. அங்கே உட்கார்ந்து அவர்கள் சொல்வதை நீ எழுது. என் கை இப்போது நடுங்குகிறது, இந்தக் கடிதத்தையே மூன்று நாளில் எழுதினேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மழையில் நனையாதே.

அன்புடன்,
தாத்தா

பி.கு.: கடிதத்தை அப்பத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். "குடத்துல மொண்டு ஊத்துறதை ஏன் பட்டியல்ல விட்டீங்க?" என்று கேட்டாள். மொண்டு. குறில் பக்கத்தில் சேர்த்துக்கொள்.